இராயப்பருக்கு முகம் கொடுத்தவர்

இரத்மலானையில் ஒரு கண்ணாடிப் பட்டறை. அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கதிரையின் மேலே, மண்ணிறத் துணியொன்றை உடம்பில் சுற்றிக்கொண்டு, மட்டையில் வெட்டிய ஒரு முழ நீளச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, நெஞ்சோடு அணைத்தபடி நிற்பவர் என் கணவர் பெனடிக்ற்.

"அங்கிள், மேல பாக்க. மோட்சம் அங்க," என்றாள் பட்டறைக்காரி மலீ, கையில் கமராவோடு, கூரையின் மூலையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டி.

இவர் மோட்சத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து சின்ன விமானமொன்று கூரையை உரசுவதுபோலக் கிளம்பியது. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளெல்லாம் கிலுகிலுவென்று நடுங்கின. இவர் மோட்சத்தின் திறப்பால் தலையை மூடிக்கொண்டு கதிரையிலேயே குந்திவிட்டார்.

"திருச்சபையின்ர முதல் பாப்பரசர் இப்பிடியோ குந்துவார்?" என்று கேட்டேன்.

"உமக்கென்ன, நீர் நிலத்தில நிக்கிறீர்," என்றார்.

இந்தக் கோலத்துக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுதான் இந்த வாரக் கதை. சில வாரங்களாக நான் மருந்துக்கடையில் வேலை செய்த காலத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததில், கிருலப்பனை வாசகி ஒருவருக்கு இப்போது பத்திரிகையைத் திறந்தாலே இருமல் மருந்து மணக்கிறதாம். ஆகவே கோயில் பக்கம் போவோம்.

பலிபீடத்துக்கு மேலே ஒரு பெனியன்

கொட்டாஞ்சேனையில், பெரிய வீதியிலிருந்து உள்ளே வளைந்து போகும் ஓர் ஒழுங்கையில் எங்கள் புனித இராயப்பர் சிற்றாலயம் இருக்கிறது. பேதுரு என்று ஊரெல்லாம் சொல்லும் அதே ஆள்தான். எங்களுக்கு அவர் இராயப்பர். ஐம்பது பேர் வந்தால் கோயில் நிறைந்துவிடும். இன்னும் ஓராள் வந்தால் ஃபாதர் அன்ரன் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு பூசை வைக்க வேண்டும்.

பலிபீடத்துக்குப் பின்சுவரில் ஆளுயரத்துக்கும் மேலான பெரிய யன்னல். வெறும் கண்ணாடி. முன்பு அதில் தெரிந்தது ஒரு பலாமரமும் கொஞ்சம் வானமும். பிறகு மரம் போய் அங்கே அடுக்குமாடி வந்தது. அடுக்குமாடியின் பல்கனியொன்றில் ஒரு மனிதர் வந்தார். ஆள் தேகப்பயிற்சிப் பிரியர். எங்கள் ஞாயிற்றுப் பூசையும் அவருடைய பயிற்சியும் ஒரே நேரம்.

ஃபாதர் கைகளை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக," என்பார். அவர் தலைக்கு மேலே, பெனியனும் கட்டைக் காற்சட்டையுமாக, அந்த மனிதரும் கைகளை விரிப்பார். ஃபாதர் அப்பத்தை உயர்த்துவார். அவர் இரும்புக் குண்டை உயர்த்துவார். ஃபாதர் தலைகுனிவார். அவர் குனிந்து கால்விரலைத் தொடுவார்.

ஃபாதர் எங்களைப் பார்த்து நிற்பதால் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. சனம் வாராவாரம் மலர்ந்த முகத்தோடு பூசை காண்பதைப் பார்த்து, தன் பிரசங்கம் தேறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

ஜெசிந்தா அக்காவுக்கு வந்தது. அக்கா கணவனை இழந்தவர், மீன் மொத்த வியாபாரி. ஏலம் கூறியே பழுத்த குரல். அவர் பாவசங்கீர்த்தனம் செய்தால் வெளியே வரிசையில் நிற்பவர்களும் சேர்ந்து மன்னிக்கலாம்.

"ஃபாதர், சனம் உங்கட பிரசங்கத்துக்குச் சிரிக்கேல்ல," என்றார். "உங்களுக்கு மேல ஒராள் நிண்டு எக்சர்சைஸ் செய்யிறார். அதுக்குச் சிரிக்குது."

ஃபாதர் திரும்பிப் பார்த்தார். பல்கனி மனிதர் மரியாதையாகக் கையசைத்தார்.

அடுத்த வாரம் திரைச்சீலை போட்டோம். நற்செய்தி வாசிக்கும்போது அது கம்பியோடு கழன்று ஃபாதரின் மேல் விழுந்து, அவர் சீலைக்குள்ளிருந்தே வாசித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் நிறக்கண்ணாடி யன்னல் என்ற பேச்சு வந்தது.

"நான் போட்டுத் தாறன்," என்றார் ஜெசிந்தா அக்கா. "எங்கட மனிசன்ர நினைவா இருக்கட்டும். ஒரேயொரு கண்டிசன். அதில மீன் இருக்கோணும். மீன் மீனா இருக்கோணும்."

வாலுள்ள கத்தரிக்காய்

கோயில் குழு என்பது நாலு பேர். ஃபாதர், ஜெசிந்தா அக்கா, செயலாளர் நான், பொருளாளர் என் கணவர். மலீயைக் கண்டுபிடித்தது ஃபாதர். ஹோட்டல்களுக்கு நிறக்கண்ணாடியில் கிளியும் தாமரையும் செய்து பெயரெடுத்தவள். புனிதர் யாரையும் அதுவரை செய்ததில்லை. தமிழ் கதைப்பாள். ஆனால் அவளுடைய தமிழில் எல்லா வினைச்சொல்லும் ஒரே உடுப்பைத்தான் போட்டிருக்கும். பாக்க, நிக்க, வர, போக.

முதல் படத்தைக் கொண்டுவந்தாள். இராயப்பர் நிமிர்ந்து நிற்கிறார். கையில் மோட்சத்தின் திறப்பு. காலடியில் சின்னக் கூடை. ஜெசிந்தா அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இதென்ன மிஸ்?"

"மீன்."

"இது கத்தரிக்காய். வால் வைச்ச கத்தரிக்காய்."

ஃபாதர் சமாதானம் செய்யப் பார்த்தார். "அக்கா, கலிலேயாக் கடல் எண்டு சொன்னாலும் அது உண்மையில ஏரிதானே. ஏரி மீன் இப்பிடிச் சின்னனா..."

"ஏரி மீன் சேறு மணக்கும், ஃபாதர். சேறு மணக்கிற மீனைப் பிடிக்கவோ ஆண்டவர் அற்புதம் செய்தவர்?"

குருமடத்தில் ஃபாதர் பல வருடம் படித்தவர். இந்தக் கேள்விக்கு அங்கே யாரும் அவரைத் தயார் செய்திருக்கவில்லை. அறக்குளா வேண்டும், பாரை வேண்டும், ஒரு சூரையாவது வேண்டும் என்று அக்கா சொல்ல, கூடைக்குள் இத்தனை பேருக்கும் இடமில்லை என்று மலீ சொல்ல, அந்தக் கூட்டம் பிளேன்டீயோடு முடிந்தது.

போகும்போது மலீ இன்னொன்று சொன்னாள். "முகம் சும்மா வரைய ஏலாது. உயிர் ஆள் வேணும். வயசு ஆள். தாடி. கொஞ்சம் மொட்டை."

நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் என் கணவர் எழுந்து நின்றுவிட்டார்.

ஒரு நல்ல படம்

இவர் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். பகல் முழுவதும் தொலைபேசி, கத்தல், பாரந்தூக்கிகள். ஓய்வுபெற்ற பிறகு தொலைபேசி ஓய்ந்துவிட்டது. காப்புறுதி விற்கிறவர்கள் மட்டும் எடுப்பார்கள். அவர்களோடு இவர் நின்று நிதானமாகக் கதைப்பார். ஒருநாள் யாரோ இலக்கம் மாறி எடுத்துவிட்டு வைக்க முடியாமல் தவித்ததை நான் குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சவரம் செய்வதை நிறுத்தியதும் அந்தக் காலத்தில்தான். "ஆருக்காகச் செய்யிறது?" என்றார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. இவருக்கு வாழ்க்கையில் ஒரு நல்ல படம் வாய்த்ததில்லை. கமரா மின்னும் நேரத்தைக் கண்டுபிடித்துக் கண்ணை மூடிவிடுவார். எங்கள் கல்யாண அல்பத்தைப் பார்த்தால், கோட் போட்ட ஒருவரை நித்திரையில் தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் கட்டிவைத்ததுபோல இருக்கும். வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சாள் இப்போதும் கேட்பாள், "அண்ணாவுக்கு மயக்க மருந்து குடுத்தோ தாலி கட்ட வைச்சனீங்கள்?"

அப்படிப்பட்டவருக்கு, ஆளுயரக் கண்ணாடியில், திறப்போடு, பலிபீடத்துக்கு மேலே ஒரு படம். விடுவாரா?

என் கட்டில் விரிப்பைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றேன். பூப்போட்ட விரிப்பில் எந்த அப்போஸ்தலரும் நின்றதில்லை என்று சொல்லி, வெள்ளவத்தைப் புடைவைக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன விசேஷத்துக்கு ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இராயப்பருக்கு."

"அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. அளவு பாத்திருக்கலாம்."

"நான்தான் அவர்," என்றார் இவர்.

கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். சொல்லாமலே விலையில் கொஞ்சம் குறைத்துத் தந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. நடை மெதுவானது. பேச்சு மெதுவானது. சோற்றில் உப்பில்லை என்பதைக்கூட மலைப்பிரசங்கம்போலச் சொன்னார். ஒரு காலை பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. இவர் வாசலில் நின்று வலது கையை உயர்த்தி அதை ஆசீர்வதித்தார். வேண்டாம் என்கிறார் என்று நினைத்து ஓட்டோக்காரர் நிற்காமல் போய்விட்டார். அன்று காலை எங்கள் வீட்டில் பாண் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் இவர் காலையில் நேரத்துக்கு எழும்பினார். எழும்புவதற்கு ஒரு காரணம் இருந்தது. அதனால் நானும் பேசாமல் பாண் இல்லாத காலையைச் சகித்துக்கொண்டேன்.

நண்டு

இனிப் பட்டறைக்கு. விமானம் போய், இவர் மறுபடியும் நிமிர்ந்து, மோட்சத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் ஜெசிந்தா அக்காவின் மீன் ஏற்றும் வான் வாசலில் வந்து நின்றது. ஐஸ் போட்டு மீன் வைக்கும் பெரிய ரெஜிபோம் பெட்டியொன்றை அக்காவே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்தா மிஸ். இதுகளைப் பாத்து வரையுங்கோ. வரைஞ்சு முடிச்சுக் கறியும் வைக்கலாம்."

ஐஸும் மீனுமாகக் கதிரையின் காலடியில் பரப்பினார். அறக்குளா, பாரை, விளைமீன், ஒரு சூரை. மீனெல்லாம் நல்ல மீன், ஒன்றும் அசையவில்லை. அசைந்தது அடியில் கிடந்த நண்டு. குளிரில் விறைத்திருந்த அது, பட்டறையின் வெக்கையில் உயிர் தெளிந்து, புதுத் துணியின் கரையைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கியிருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இவர் மோட்சத்தில் இருந்தார்.

முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நண்டு ஒரு முடிவுக்கு வந்தது.

இவருடைய கண்கள் இரண்டும் வெளியே வந்தன. வாய் விரிந்தது. திறப்பு பறந்தது. கால்கள் கதிரையில் தட்டுத்தடுமாற, ஒரு கையை எங்கள் பக்கம் நீட்டி, "மெற்றீ!" என்று கத்தினார். மெற்றில்டா என்ற என் பெயரை இவர் அப்படித்தான் சுருக்குவார். ஆனால் இவ்வளவு நீட்டி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

மலீயின் கமரா கிளிக் கிளிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. நானும் அக்காவும் ஓடிப்போய் இவரைப் பிடித்தோம். அக்கா நண்டையும் பிடித்தார். மலீ கமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் யாரும் அங்கே இல்லாததுபோல, "ஆ," என்றாள்.

திறப்பு தண்ணீருக்குள்

சில வாரம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் தரையில் மலீ முழு அளவுப் படத்தை விரித்தாள். இவர் அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

படத்தில் இராயப்பர் நிற்கவில்லை. தாழ்ந்துகொண்டிருந்தார். தண்ணீரில் நடக்கப் போய், காற்றைக் கண்டு பயந்து மூழ்கத் தொடங்கும் இராயப்பர். இடுப்பு வரைக்கும் கடல். பிதுங்கிய கண், திறந்த வாய், விரல் விரித்து நீட்டிய கை. மேல் மூலையிலிருந்து இன்னொரு கை மட்டும் அவரை நோக்கி வருகிறது. கீழ்ப்பாதி முழுவதும் நீலமும் பச்சையுமாகத் தண்ணீர், அதற்குள் அறக்குளா, பாரை, சூரை. ஒரு நண்டுகூட.

ஃபாதர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

"திறப்பு எங்க?" என்று இவர் கேட்டார்.

"விழுந்தது அங்கிள். தண்ணிக்குள்ள," என்றாள் மலீ.

"முகத்தை மாத்தும் மகள். நான் மேல பாத்த படம் இருக்கே, அதைப் போடும்."

"அது படம் இல்ல. அது தபால் முத்திரை. இது ஆள்." மலீ கைகளைக் கட்டிக்கொண்டாள். "முகம் மாத்த எண்டால் நான் செய்ய இல்ல."

ஃபாதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். நாலு பேரும் ஓம் என்றால்தான் கண்ணாடி வெட்டலாம், யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்றார். ஜெசிந்தா அக்கா மீன்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, செவுளில்கூடப் பிழையில்லை என்று பூரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குச் சரி அக்கா, மீன் வந்திட்டுது," என்றார் இவர். குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு நாளும் பல்கனியில ஒராளைப் பாத்துச் சிரிச்ச சனம் இனி என்னைப் பாத்துச் சிரிக்கும். நான் செத்தாப் பிறகும் சிரிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும் மெற்றி."

நான் படத்தைப் பார்த்தேன். அந்த வாய் என்ன சொல்கிறது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இராயப்பர் 'ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்' என்றெல்லாம் சொல்லவில்லை. அவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் யாரும் எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ததில்லை. ஆனால் ஃபாதருக்கு முன்னால் இதை எப்படிச் சொல்வது?

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்று மட்டும் சொன்னேன்.

இவர் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் இஸ்திரி மடிப்பு முறியாமல் முதுகு நேராக. அந்த நிமிடம் நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

ஜெசிந்தா அக்கா எழும்பிவந்து இவருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அவர் மெதுவாகக் கதைத்து நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"தம்பி, எங்கட மனிசன் கடலுக்குப் போய் ஒருக்கா வள்ளம் கவுண்டிட்டுது. தெரியுமே? ரெண்டு பேர் பிடிச்சுக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தவங்கள். அப்ப அந்தாள்ர முகம் இதுதான். இதே கண், இதே வாய். நான் பயத்தில சிரிச்சுப்போட்டன். சனமெல்லாம் பாக்கத்தக்கதா என்ர கையைப் பிடிச்சவர், விடேல்ல. ஆஸ்பத்திரி வரைக்கும் விடேல்ல. ஆக்களுக்கு முன்னால என்ர கையைப் பிடிச்சது அந்த ஒரு நாள்தான். பிறகு நல்லா இருந்து, வயசு போய்த்தான் செத்தவர். ஸ்ரூடியோவில எடுத்த படம் வீட்டில தொங்குது. நல்ல கோட், நல்ல தலையிழுப்பு. அதில அந்தாள் இல்லை. இதில இருக்கிறார்."

ஃபாதர் இப்போது சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

இவர் எழும்பிப் போய்ப் படத்தின் மேல் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மலீயிடம் கேட்டார், "மூக்கு இவ்வளவு பெரிசோ?"

"ஓம் அங்கிள்."

"கொஞ்சம் குறைக்க ஏலாதோ?"

"ஏலாது."

"சரி," என்றார். "வெட்டும்."

அந்த ஞாயிறு

யன்னல் வந்து, ஈயப் பட்டிகளெல்லாம் இறுகி, சாரக்கட்டையெல்லாம் கழற்றிய பிறகு வந்த முதல் பூசை. அடுக்குமாடிக்கு மேலால் வெயில் ஏறியதும் தண்ணீர் கோயிலுக்குள் இறங்கியது. ஃபாதரின் வெள்ளை உடுப்பில் நீலம் ஓடியது. முன்வாங்கில் இருந்த ஒரு குழந்தையின் கன்னத்தில் பாரை மீன் நீந்தியது. மேலே இவருடைய முகம் பொன்னும் சிவப்புமாகப் பயந்துகொண்டிருந்தது. சனம் முதலில் சிரித்தது உண்மை. நற்கருணை நேரத்தில் அதே சனம் அண்ணாந்து பார்த்தபடி நகராமல் நின்றதில் வரிசை அடைத்துக்கொண்டது.

பூசை முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். முன்பின் தெரியாத ஓர் அம்மா மட்டும் யன்னலுக்கு நேரே முழங்காலில் இருந்து, கண்ணை மூடி மன்றாடிக்கொண்டிருந்தார். இவர் காணிக்கைப் பையோடு பலிபீடப் பக்கமிருந்து இறங்கி அவருக்கு முன்னால் வந்த நேரமும், அவர் கண்ணைத் திறந்த நேரமும் ஒன்றாகப் போய்விட்டது.

அம்மா மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கண் பிதுங்கியது. வாய் திறந்தது. சத்தமே இல்லாமல் அப்படியே பின்னுக்குச் சரிந்தார்.

இவர் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "பயப்பிடாதைங்கோ அம்மா. நான் பெனடிக்ற். ஹாபர்ல வேலை செய்தனான்."

தண்ணீர் கொடுத்து, வாங்கில் இருத்தி, யன்னல் கதையை நண்டு முதல் கடைசி வரை நான் விளக்கினேன். கிராண்ட்பாஸிலிருந்து வந்தவராம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். விளங்கிவிட்டது என்றார். ஆனால் இவருடைய கையை மட்டும் விடவில்லை.

"பரவால்லீங்க ஐயா. வந்தது வந்துட்டீங்க. எங்க மவனுக்கு விசா இன்னும் வரலைங்க. கொஞ்சம் சொல்லிவிடுங்க."

இவர் சிரிப்பார், அல்லது மறுபடியும் ஹாபர் கதையைத் தொடங்குவார் என்று நினைத்தேன்.

"மகன்ர பேர்?" என்று கேட்டார்.

"டிலானுங்க."

"எந்த நாடு?"

"கனடா."

இவர் தாடியைத் தடவி யோசித்தார். "கனடா எண்டால் கொஞ்சம் சுணங்கும். சொல்லிப் பாக்கிறன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார். அவர் வாசலைத் தாண்டும்வரை சிரிப்பை அடக்கிவைத்திருந்துவிட்டு, "ஆரிட்டச் சொல்லப் போறியள்?" என்றேன்.

"உள்ளுக்க ஆள் இருக்கு," என்றார் இவர்.

பிறகு காணிக்கைப் பையை என்னிடம் தந்துவிட்டு, முழங்கால் நோவென்று எப்போதும் வாங்கில் இருந்தே செபிக்கிற மனிதர், வாங்கைப் பிடித்து மெல்ல மெல்லத் தரையில் முழங்காலை ஊன்றினார். தன்னுடைய முகத்தை நேருக்கு நேர் அண்ணாந்து பார்த்தார்.

"பேர் டிலான்," என்று தொடங்கினார். "கனடா."